கம்பெனி நம்மிடம் கடன் கேட்கிறது... கொடுக்கலாமா?

பங்குதாரர்களுக்கு வரும் ‘ரைட்ஸ்’ கடன் பத்திரக் கடிதம்: கடைமடைக் குடும்பம் ஒன்று முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலையில் அகஸ்தியம்பள்ளியைத் தாண்டியதும் உப்பளங்கள் தொடங்கிவிடும். மழை முடிந்து ஜனவரியில் வரப்பு கட்டி, பாத்தியை மிதித்துச் சமன் செய்து, தண்ணீர் பாய்ச்சுவார்கள். வெயில் ஏற ஏற உப்பு வாருவார்கள். ஐப்பசி மழை இறங்குவதற்குள் அம்பாரத்தை மூடிவிட வேண்டும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் சுமார் 9,000 ஏக்கரில் உப்பு விளைகிறது. ஒரு பகுதி சிறு உற்பத்தியாளர்களுடையது. பெரும்பகுதி கம்பெனிகளின் கையில் இருக்கிறது. அவற்றில் ஒன்று கெம்பிளாஸ்ட் சன்மார்.

மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் இந்தக் கடைமடைக்கு வருகிறது. கடைமடையின் உப்பு அதே மேட்டூருக்குப் போகிறது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். சேஷசாயி சகோதரர்கள் 1936-ல் மேட்டூரில் தொடங்கிய கெமிக்கல் தொழிற்சாலை இந்த வேதியியலை நம்பித்தான் எழுந்தது. பின்னாளில் அது கெம்பிளாஸ்டோடு இணைந்தது.

அந்த கெம்பிளாஸ்ட் சன்மார் 2021 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. மொத்த வெளியீடு 3,850 கோடி ரூபாய். ஒரு பங்கின் விலை 530 முதல் 541 ரூபாய் வரை. இதில் 2,550 கோடி, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் தங்கள் பங்கை விற்றதற்கான தொகை. கம்பெனிக்கு வந்தது 1,300 கோடி. அதன் பெரும்பகுதி எதற்குப் போகும் என்பதை வெளியீட்டு ஆவணமே சொல்லியிருந்தது: தவணைக்கு முன்பே கடன் பத்திரங்களை அடைப்பதற்கு.

புதிய பங்குதாரர்களின் பணத்தை வாங்கிப் பழைய கடன் பத்திரங்களை அடைப்பதில் தவறு எதுவும் இல்லை. எல்லாக் கம்பெனிகளும் செய்வதுதான். ஆனால் சிறு முதலீட்டாளர் இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பணம் திரட்டுவதற்குக் கம்பெனியிடம் எப்போதும் இரண்டு வழி இருக்கிறது: பங்கு, கடன் பத்திரம். எந்த நேரத்தில் எது தனக்குத் தோதோ அதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். சில நேரம் இதே கணக்கு எதிர்த்திசையில் ஓடும். ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களிடம் திரும்பி, ‘உங்களுக்கு முன்னுரிமை தருகிறோம், எங்கள் கடன் பத்திரத்தை வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று கேட்கும். அந்தக் கடிதம் நம் வீட்டுக்கு வரும்போது நமக்கு எது தோது என்பதை நாம்தான் பார்த்தாக வேண்டும்.

கடிதத்தில் என்ன இருக்கும்?

இதை ரைட்ஸ் இஷ்யூ என்பார்கள். தமிழில் உரிமை வெளியீடு. கம்பெனி ஒரு தேதியைக் குறிக்கும். அன்றைக்குப் பங்குதாரர் பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கெல்லாம், வைத்திருக்கும் பங்கின் விகிதப்படி வாங்கும் உரிமை கிடைக்கும். பெரும்பாலும் இந்த உரிமையில் வருவது புதுப் பங்குதான். சில கம்பெனிகள் பங்குக்குப் பதிலாக டிபென்சர், அதாவது கடன் பத்திரம் கொடுக்கும்.

பங்கு வாங்கினால் நாம் கம்பெனியின் சொந்தக்காரர்களில் ஒருவர். லாபம் வந்தால் நமக்கும் பங்கு, நட்டம் வந்தால் அதிலும் பங்கு. டிபென்சர் வாங்கினால் நாம் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர். குறித்த வட்டி, குறித்த தவணை, அதோடு சரி. கம்பெனி எவ்வளவு கொழித்தாலும் கடன் கொடுத்தவருக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வராது. டிபென்சர் வைத்திருப்பவருக்குக் கம்பெனிக் கூட்டத்தில் ஓட்டும் கிடையாது என்று 2013 கம்பெனிச் சட்டத்தின் 71-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

கடிதம் கையில் கிடைத்தவருக்கு மூன்று வழி உண்டு. பணம் கட்டிப் பத்திரத்தை வாங்கலாம். வாங்கும் உரிமையை இன்னொருவருக்கு விற்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம். நம் வீடுகளில் மிக அதிகமாக நடப்பது மூன்றாவது. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும், நூறு பக்கத்துக்கு மேலும் போகும். அலமாரியில் போய்ச் சேரும். சில நேரம் அப்படி விடுவதால் ஒரு நட்டமும் இல்லை. சில நேரம் அதுவே பணத்தைக் கடலில் போட்டதற்குச் சமம். எப்போது எது என்பதை ஒரே ஒரு கேள்வி பிரித்துக் காட்டிவிடும்.

முதல் கேள்வி: பங்காக மாறுமா, மாறாதா?

டிபென்சரில் மூன்று வகை. முழுவதும் பங்காக மாறுவது, ஒரு பகுதி மட்டும் மாறுவது, கடைசி வரை மாறாமல் கடனாகவே இருந்து பணமாகத் திரும்புவது. முதல் இரண்டையும் கன்வெர்ட்டிபிள் என்பார்கள். மூன்றாவது நான்-கன்வெர்ட்டிபிள், சந்தைப் பேச்சில் என்.சி.டி.

மாறும் வகைக்கு ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒருவரிடம் 400 பங்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் ஒரு பங்கு 240 ரூபாய். நான்கு பங்குக்கு ஒரு டிபென்சர், விலை 200 ரூபாய், அது ஓராண்டுக்குள் ஒரு பங்காக மாறும் என்று கம்பெனி அறிவிக்கிறது. நான்கு பங்கின் மதிப்பு 960. அதோடு புதிதாக 200. ஆக 1,160 ரூபாய்க்கு ஐந்து பங்கு. ஒரு பங்குக்கு 232 ரூபாய். அதாவது, எல்லாரும் வாங்கி முடித்த பிறகு 240 ரூபாய்ப் பங்கின் விலை கணக்குப்படி 232-க்கு இறங்க வேண்டும்.

நம் ஆள் உரிமைப்படி 100 டிபென்சர் வாங்கினால், 200 ரூபாய்க்கு 232 ரூபாய்ப் பொருள் கிடைத்ததில் 3,200 ரூபாய் லாபம். அது, பழைய 400 பங்கில் தலைக்கு 8 ரூபாய் இறங்கியதைச் சரிக்கட்டிவிடும். பணம் இல்லையென்றால் உரிமையை விற்கலாம். கிட்டத்தட்ட அதே 3,200 கைக்கு வரும். இரண்டும் செய்யாமல் விட்டால் அந்த 3,200 போய்விடும். நாம் விட்ட உரிமையின் பலன் மற்றப் பங்குதாரர்களுக்குப் போய்ச் சேரும்.

மாறாத வகைக்கு இந்தக் கணக்கே கிடையாது. அங்கே சலுகை விலையில் பங்கு எதுவும் வருவதில்லை, பழைய பங்கின் மதிப்பும் குறைவதில்லை. சந்தையில் இதே தரக் கம்பெனிகள் தரும் வட்டியைத்தான் இதுவும் தருகிறது என்றால் அந்த உரிமைக்கு மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. விட்டுவிட்டால் இழப்பு இல்லை. ‘கம்பெனி நம்மை மதித்து முதலில் கேட்கிறதே’ என்ற எண்ணத்தில் பலர் பணம் கட்டிவிடுகிறார்கள். அந்த மரியாதைக்காக ஐந்து வருடம் பணத்தைக் கட்டிப்போடத் தேவையில்லை.

ஆகவே கடிதத்தைத் திறந்ததும் தேட வேண்டியது வட்டி விகிதத்தை அல்ல. எப்போது மாறும், என்ன விலையில் மாறும், மாறுவது கட்டாயமா நம் விருப்பமா என்ற மூன்றையும் தேடுங்கள். மாற்று விலை சந்தை விலையைவிட அதிகம் என்றால் சலுகை காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. ‘விலை பின்னர் நிர்ணயிக்கப்படும்’ என்றிருந்தால், என்ன கிடைக்கும் என்று தெரியாமலே பணம் கட்டச் சொல்கிறார்கள் என்று பொருள்.

டாடா ஸ்டீல் 1992: இரட்டிப்பின் உண்மையான விகிதம்

இந்திய முதலீட்டாளர்களுக்கு இந்த வகைப் பத்திரங்கள் புதிதல்ல. 1977-ல் பங்கு வெளியிட்ட ரிலையன்ஸ், 1979-லிருந்து வரிசையாகப் பகுதி மாறும் டிபென்சர்களை வெளியிட்டுப் பணம் திரட்டியது; மாறாத பகுதியையும் பின்னர் பங்காக மாற்றிக் கொடுத்தது. எண்பதுகளில் ‘டிபென்சர்’ என்ற சொல் நம் ஊர்ப் பேருந்துகளில்கூட அடிபட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் பங்குதாரர்களுக்கு உரிமையாகக் கடன் பத்திரம் கொடுத்த கதைகளில் பாடமாகப் படிக்க வேண்டியது டிஸ்கோவினுடையது. இன்றைய டாடா ஸ்டீலுக்கு அன்று அதுதான் பெயர். வருடம் 1992. வெளியீட்டு விலையை அரசு கட்டுப்படுத்திய பழைய சட்டம் அந்த ஆண்டுதான் நீக்கப்பட்டது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குச் சட்ட அதிகாரம் வந்ததும் அந்த ஆண்டுதான். பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் வெடித்ததும் அப்போதுதான். அந்தக் கொந்தளிப்புக்கு நடுவே டிஸ்கோ, ‘செக்யூர்டு பிரீமியம் நோட்’ என்ற புது வகைக் கடன் பத்திரத்தைத் தன் பங்குதாரர்களுக்குக் கொடுத்தது.

ஒரு பத்திரம் 300 ரூபாய். முதல் மூன்று வருடம் வட்டி கிடையாது. நான்காம் ஆண்டு முடிவிலிருந்து ஏழாம் ஆண்டு முடிவு வரை, ஆண்டுக்கு 150 ரூபாயாக நான்கு தவணை. ஒவ்வொரு தவணையிலும் 75 ரூபாய் அசல், 75 ரூபாய் கூடுதல் தொகை. பத்திரத்தோடு ஒரு வாரன்ட்டும் வந்தது. பின்னர் 80 ரூபாய் கட்டி ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை அது.

300 போட்டால் 600 வரும். கேட்டதும் இரட்டிப்பு என்று மனம் தாவும். எந்தெந்த வருடம் எவ்வளவு வருகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 13.6 சதவீதம்தான். வங்கி வைப்புக்கே 12, 13 சதவீதம் கிடைத்த காலம் அது. அப்படியானால் கடன் பத்திரம் என்ற அளவில் அது வங்கியைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். உண்மையான கவர்ச்சி வாரன்ட்டில் இருந்தது. பங்கு 80-க்கு மேல் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் வாரன்ட் வைத்திருப்பவருக்கு. ஏறாவிட்டால் கையில் இருப்பது மூன்று வருடம் ஒரு பைசா தராத கடன் பத்திரம்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு பாடம். ஒன்று, ‘இத்தனை வருடத்தில் இத்தனை மடங்கு’ என்ற பேச்சை ஆண்டு விகிதமாக மாற்றாமல் நம்பக் கூடாது. வங்கியிலோ தபால் ஆபீஸிலோ கேட்கும் அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை சதவீதம்? இரண்டு, கடனையும் பங்கு வாங்கும் உரிமையையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் கட்டைப் பிரித்துத் தனித்தனியாக மதிப்புப் போடுங்கள். பெரும்பாலும் ஒன்று சுமாராகவும் மற்றது ஆசை காட்டுவதாகவும் இருக்கும்.

காசு கேட்காத பத்திரமும் உண்டு

இதோடு போனஸ் டிபென்சரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டெல்டா விவசாயிகளுக்கு உர மூட்டை வழியாகப் பழக்கமான கோரமண்டல் இன்டர்நேஷனல், 2012-ல் தன் பங்குதாரர்களுக்கு ஒரு பங்குக்கு 15 ரூபாய் மதிப்புள்ள 9 சதவீத டிபென்சரை இலவசமாகக் கொடுத்தது. பிரிட்டானியா 2021-ல் பங்குக்கு 29 ரூபாய் மதிப்பில், 5.5 சதவீத வட்டியில் கொடுத்தது. இவை சேர்த்து வைத்த லாபத்திலிருந்து வருபவை. டிவிடெண்டைத் தவணையில் தருவது போல. நாம் பணம் கட்ட வேண்டியதில்லை, முடிவெடுக்கவும் வேண்டியதில்லை. பணம் கேட்டுக் கடிதம் வந்தால்தான் நம் வேலை தொடங்குகிறது.

கரூர் வங்கி கற்றுத்தந்தது

ஊரில் ஒருவருக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கும்போது என்ன பார்ப்போம்? எதற்குக் கேட்கிறார், வேறு யாரிடமெல்லாம் வாங்கியிருக்கிறார், திருப்பிக் கட்ட வரும்படி இருக்கிறதா, சொத்து எதையாவது ஈடாகக் காட்டுகிறாரா. கம்பெனி கேட்கும்போதும் இதே நான்கைத்தான் பார்க்க வேண்டும். பெரிய பெயர் என்பதற்காகவும், பல வருடமாக டிவிடெண்ட் தந்த கம்பெனி என்பதற்காகவும் இதைத் தள்ளிவிடுகிறோம். அதன் விலை என்ன என்று டெல்டாக்காரர்களுக்கு லட்சுமி விலாஸ் வங்கி காட்டியது.

1926-ல் கரூரில் தொடங்கிய வங்கி அது. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகளில் தாத்தா வாங்கிய பங்கு பேரன் பெயருக்கு வந்திருக்கும். 2017 டிசம்பரில் அந்த வங்கி பங்குதாரர்களுக்கு உரிமைப் பங்கு கொடுத்தது. விலை 122 ரூபாய். ‘நம்ம வங்கி’ என்று பலரும் பணம் கட்டினார்கள். மூன்று வருடம்கூட ஆகவில்லை. 2020 நவம்பர் 17 அன்று ரிசர்வ் வங்கியின் பரிந்துரையில் மத்திய அரசு அதன் செயல்பாட்டை முடக்கியது. டெபாசிட்தாரர் எடுக்கக்கூடிய தொகை 25,000 ரூபாய் என்று வரம்பு வந்தது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது.

டெபாசிட் பணம் முழுவதும் தப்பியது. பங்கு முழுவதும் அழிக்கப்பட்டது. பழைய பங்கு, 122 ரூபாய் உரிமைப் பங்கு எல்லாம் பூஜ்யம். அதோடு நிற்கவில்லை. வங்கி வெளியிட்டிருந்த 318.20 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களும் அழிக்கப்பட்டன. வங்கி நெருக்கடிக்குள்ளானால் இந்தப் பத்திரங்களை அழிக்கலாம் என்ற நிபந்தனை அந்த வகைப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. கடன் கொடுத்தவருக்குப் பங்குதாரருக்கு முன்னால் பணம் வரும் என்பது பொதுவிதி. ஆனால் எந்தக் கடன், எந்த வரிசை என்பது பத்திரத்தின் நிபந்தனையில் இருக்கிறது.

டி.எச்.எஃப்.எல். இன்னொரு பாடம். வீட்டுக் கடன் கொடுத்த இந்த நிறுவனம் 2016-ல் பொதுமக்களிடம் கடன் பத்திரம் விற்றபோது அதன் தர மதிப்பீடு மிக உயர்ந்த ‘ஏஏஏ’. 2019 ஜூனில் வட்டி கட்டத் தவறியது. அந்த ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் நிர்வாகக் குழுவைக் கலைத்தது. 2021 செப்டம்பரில் பிரமல் குழுமம் 34,250 கோடி ரூபாய்க்கு அதை எடுத்துக்கொண்டபோது கடன் கொடுத்தவர்களுக்கு வர வேண்டியிருந்தது சுமார் 87,000 கோடி. அந்த 34,250 கோடியும் முழுக்க ரொக்கமாக வரவில்லை. 19,550 கோடிக்குக் கொடுக்கப்பட்டது மறுபடியும் கடன் பத்திரம்தான். பங்குதாரர்களுக்கு ஒன்றுமே இல்லை.

பங்கைவிடக் கடன் பத்திரம் முன்னால் நிற்கிறது என்பது உண்மை. முன்னால் நிற்பவருக்கும் பாதிகூட வராத நாள் வரலாம் என்பதும் உண்மை. உயர்ந்த தர மதிப்பீடு அந்த நாளைத் தடுக்காது. ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் 2018-ல் சில வாரங்களில் ‘ஏஏஏ’விலிருந்து அடிமட்டத்துக்கு இறங்கியதை நாடு பார்த்தது.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. உரிமைக் கடிதம் வருகிறது என்றால் அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே நம் பணம் பங்காக இருக்கிறது. மேலும் கடனும் கொடுத்தால், அது சரியும் நாளில் இரண்டும் சேர்ந்து சரியும்.

கடைமடையின் தவணை வேறு

இதுவரை சொன்னவை சென்னையில் இருப்பவருக்கும் பொருந்தும். கோடியக்கரை, வேதாரண்யம் பக்கத்தவருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை எந்த வெளியீட்டு ஆவணமும் சொல்லாது.

இங்கே பணம் மாதச் சம்பளமாக வருவதில்லை. உப்பளக்காரருக்கு வரவு கோடையில். மழை முடிந்ததும் பாத்தியைச் சீர்செய்யக் கையில் பணம் வேண்டும். சம்பா விவசாயிக்கு ஆவணி, புரட்டாசியில் செலவு, தை, மாசியில் வரவு. மீனவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அந்த மாதங்களில் வலை, எஞ்சின் பராமரிப்புச் செலவு மட்டும் நிற்காது. இப்படி வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வரும் பணத்தை வைத்து அடுத்த பருவத்தை நடத்தும் குடும்பம், அதை ஐந்து வருடம் எடுக்க முடியாத பத்திரத்தில் போட்டுவிட்டால், பருவம் தொடங்கும்போது கந்துவட்டிக்கோ நகைக் கடனுக்கோ போக வேண்டியிருக்கும். 9 சதவீதத்துக்குக் கொடுத்து, அதைவிடக் கூடுதல் வட்டிக்கு வாங்குவதில் என்ன பலன்?

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. உப்பளங்களில் கடல் சேறு ஏறியது. தென்னையும் மாவும் வேரோடு விழுந்தன. படகுகள் உடைந்தன. மறுநாள் காலையில் பணம் தேவைப்பட்டது. வங்கி வைப்பு என்றால் கொஞ்சம் வட்டியை விட்டுக்கொடுத்து அன்றைக்கே எடுத்துவிடலாம். தங்கம் என்றால் அடகு வைக்கலாம். டிபென்சரைச் சந்தையில் விற்கலாம் என்று காகிதத்தில் இருக்கும். ஆனால் சிறு தொகைப் பத்திரங்களுக்கு வாங்க ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தால் விலையை இறக்கித்தான் கேட்பார்கள். புயல் பாதையில் இருக்கும் ஊர்க்காரர், அவசரத்துக்கு எடுக்க முடியாத எதிலும் கையிருப்பு முழுவதையும் போடக் கூடாது. ஒரு பருவச் செலவும் ஒரு பேரிடர்ச் செலவும் தனியாக ஒதுக்கி வைத்த பிறகு மிஞ்சினால் மட்டும் இந்தக் கடிதத்தை யோசியுங்கள்.

எதோடு ஒப்பிடுவது?

60 வயது தாண்டியவருக்கு அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக உயர்ந்தது. அதற்கு அரசே பொறுப்பு. வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. டிபென்சருக்கு இரண்டும் கிடையாது. கம்பெனி 9 சதவீதம் தருவதாகச் சொன்னால், 8.2-ஐ விட எவ்வளவு அதிகம்? ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 800 ரூபாய். அந்த 800 ரூபாய்க்காக ஒரு லட்சத்தை ஆபத்தில் வைப்பதா என்பதுதான் உண்மையான கேள்வி. வித்தியாசம் மூன்று, நான்கு சதவீதம் என்றால் அடுத்த கேள்வி எழ வேண்டும்: வங்கிகள் இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும்போது இந்தக் கம்பெனி ஏன் நம்மிடம் இவ்வளவு கொடுத்து வாங்குகிறது?

வரியையும் சேர்த்துப் பாருங்கள். நெல் விற்ற பணத்துக்கு வருமான வரி கிடையாது. டிபென்சர் வட்டிக்கு உண்டு. சந்தையில் பட்டியலான டிபென்சர் வட்டிக்கும் 2023 ஏப்ரல் முதல் 10 சதவீத வரிப் பிடித்தம் வந்துவிட்டது. வருமானம் வரி வரம்புக்குள் இருப்பவர்கள் உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் பிடித்தத்தைத் தவிர்க்கலாம்.

கடிதத்தில் இன்னும் நான்கு இடங்களைப் பென்சிலால் கோடிட்டுப் படியுங்கள். இந்தப் பணம் எதற்கு? புதுத் தொழிற்சாலைக்கா, பழைய கடனை அடைக்கவா? ஈடு என்ன? வங்கிகளுக்குச் சமமாக நிற்கிறோமா, அவர்களுக்குப் பின்னாலா? 500 பேருக்கு மேல் டிபென்சர் கொடுத்தால் டிபென்சர் டிரஸ்டி நியமிப்பது சட்டப்படி கட்டாயம். நம் சார்பில் கம்பெனியைக் கேள்வி கேட்க வேண்டியவர் அவர்தான், அவர் யார்? கடைசியாக, நிறுவனரும் அவர் குடும்பமும் தங்கள் உரிமைக்குரிய பங்கை முழுவதும் வாங்குகிறார்களா? கம்பெனியை உள்ளிருந்து அறிந்தவர்கள் பணம் போடத் தயங்கினால் வெளியில் இருக்கும் நாம் முந்திக்கொள்ள வேண்டியதில்லை.

விற்கவும் நாள் வேண்டும்

பழைய காலத்தில் உரிமையை விற்க வேண்டுமென்றால் படிவத்தைக் கிழித்து, கையெழுத்திட்டு, ஆள் தேடிக் கொடுக்க வேண்டும். 2020 ஜனவரியில் செபி இதை மாற்றியது. இப்போது உரிமை நேராக, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில் தனிப் பொருளாக வந்து உட்காரும். பங்கை விற்பது போலவே அதைச் சந்தையில் விற்கலாம். அந்த ஆண்டு மே மாதம் வந்த ரிலையன்ஸின் 53,125 கோடி ரூபாய் உரிமைப் பங்கு வெளியீட்டில் லட்சக்கணக்கானோர் இதைப் பார்த்தார்கள்.

ஆனால் வெளியீடு முடியும் நாள்வரை விற்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. சில நாள் முன்பே அந்த வர்த்தகம் நின்றுவிடும். வாங்கவோ விற்கவோ இல்லையென்றால் டீமேட்டில் இருக்கும் உரிமை தானாகவே காலாவதியாகும். பங்கு இன்னும் பழைய காகிதச் சான்றிதழாகவே இருந்தால், அல்லது இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால், வெளியீடு திறந்திருக்கும் சில நாளில் டீமேட் கணக்கு, வாரிசுச் சான்று எல்லாம் முடித்துவிட முடியாது. அந்த வேலையைக் கடிதம் எதுவும் வராத நாளிலேயே செய்துவைக்க வேண்டும். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டால் அந்தப் பங்கே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆக, கொடுக்கலாமா?

என் பதில் இது. பங்காக மாறும் டிபென்சர், மாற்று விலை சந்தை விலையைவிட நன்றாகக் குறைவு, கம்பெனியின் கடன் சுமை கட்டுக்குள் இருக்கிறது, நிறுவனரும் பணம் போடுகிறார், நம்மிடம் பருவச் செலவு போக மிச்சமும் இருக்கிறது என்றால் வாங்கலாம். இவற்றில் பணம் மட்டும்தான் இல்லையென்றால், அதற்காகக் கடன் வாங்க வேண்டாம், உரிமையை விற்றுவிடுங்கள். கம்பெனியின் மீதே சந்தேகம் என்றாலும் விற்றுவிடுங்கள். பங்காக மாறாத டிபென்சர் என்றால், அரசுச் சேமிப்பைவிட எடுத்த ஆபத்துக்குத் தகுந்த அளவு கூடுதலாக வந்தால், ஈடும் தவணையும் ஒத்துவந்தால், அதுவும் சேமிப்பில் ஒரு சிறு பகுதியை மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் மனக்குறையே இல்லாமல் விட்டுவிடுங்கள்.

செபியிடமும் கம்பெனிகளிடமும் கேட்க ஒரு கோரிக்கை இருக்கிறது. வெளியீட்டு விளம்பரத்தைக் கம்பெனியின் பதிவு அலுவலகம் இருக்கும் மாநிலத்தின் மொழியில் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. பதிவு அலுவலகம் மும்பையில் இருந்தால் கோடியக்கரைப் பங்குதாரருக்குத் தமிழில் ஒரு வரியும் வராது. பங்குதாரர் எந்த மொழியில் படிப்பாரோ அந்த மொழியில் ஒரே ஒரு பக்கம் போதும்: ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம், பங்காக மாறுமா, பணம் எதற்கு, கம்பெனி விழுந்தால் நாம் எத்தனையாவது ஆள், விற்கக் கடைசி நாள் எது. பணம் கேட்கும் கம்பெனிக்கு இந்த ஐந்து வரியை எழுதித் தருவது பெரிய செலவல்ல. கொடுப்பவருக்கு அது வாழ்நாள் சேமிப்பைக் காக்கும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று. கடிதம் வந்த அன்றே காலண்டரில் கடைசித் தேதியைக் குறித்து, அதற்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு வட்டம் போடுங்கள். முடிவு அந்த முந்தைய வட்டத்துக்குள் எடுக்கப்பட வேண்டும். வாங்குவது என்றால் பணத்தை ஒதுக்க அவகாசம் இருக்கும். விற்பது என்றால் சந்தை திறந்திருக்கும். விடுவது என்றால், அது மறதியால் நடக்காமல் யோசித்து எடுத்த முடிவாக இருக்கும்.